ஆங்கில ஸ்பெல்லிங்: எப்போது இரட்டை எழுத்து?

தென்காசி_தேர்வன்:
எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிக்கிறேன். பள்ளி முழுக்கத் தமிழ்வழி. தப்பான ஸ்பெல்லிங்கைக் கண்டுபிடிக்கும் கேள்விதான் உயிரை வாங்குகிறது. தத்துவதற்கான ஹாப்பிங்கில் இரண்டு பி, நம்புவதற்கான ஹோப்பிங்கில் ஒன்று. நிகழ்ந்ததைச் சொல்லும் அக்கர்டு என்பதில் ஆர் இரண்டு, விசிட்டட் என்பதில் டி ஒன்று. இதற்கு விதி உண்டா, மனப்பாடம்தானா?

பழைய_ப்ரூஃப்ரீடர்:
உண்டு தம்பி. குறில் நெடில் தெரியுமல்லவா, அங்கிருந்தே தொடங்கலாம். எச்-ஓ-பி என்றால் ஹாப். கடைசியில் சத்தமில்லாத ஈ ஒன்றை நிறுத்தினால் அதே ஓ நெடிலாகி ஹோப். ஐஎன்ஜி சேரும்போது அந்த ஈ போய்விடும். அதன் வேலையை ஐ பார்த்துக்கொள்ளும். அப்படியானால் ஹாப்புடன் ஐஎன்ஜியை வெறுமனே ஒட்டினால் அதுவும் ஹோப்பிங் ஆகிவிடுமே? அதைத் தடுக்கத்தான் நடுவில் சுவர் மாதிரி இன்னொரு பி.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு வில்லங்கம். இரட்டை எழுத்தைப் பார்த்தால் அழுத்திச் சொல்வோம், ஆங்கிலேயர் சொல்வதில்லை. அதனால் எத்தனை பி என்று உங்கள் வாயைக் கேட்காதீர்கள், முன்னால் நிற்கும் உயிரைக் கேளுங்கள்.

சொல் நீண்டால் அழுத்தம் எங்கே விழுகிறது, அதாவது எந்த அசையைப் பலமாகச் சொல்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். அக்கர், பிகின் இரண்டிலும் கடைசி அசையில், அதனால் இரட்டிக்கும். விசிட், ஓப்பன் முதல் அசையில், இரட்டிக்காது. டிராவல் மட்டும் அடங்காது: பிரிட்டனில் டிராவலிங்குக்கு இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று.

கணக்கு_வாத்தியார்:
ஐ முதலில், ஈ பிறகு, சி-க்குப் பின் மட்டும் தலைகீழ் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பிலீவ், ரிசீவ். ஆனால் எட்டைக் குறிக்கும் எய்ட் உதைக்கிறதே?

பழைய_ப்ரூஃப்ரீடர்:
சார், அது 'ஈ' என்று நீண்டு ஒலிக்கும் இடத்துக்கு மட்டும். எய்ட், நெய்பர் அந்த வளையத்துக்குள்ளேயே வராது. புரோட்டீன், காஃபீன் வரும், வந்தும் மீறும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

சும்மா_படிப்பவன்:
கடனுக்கான டெட்டில் பி எதற்காம்?

பழைய_ப்ரூஃப்ரீடர்:
படித்தவர்கள் செய்த வேலை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி இல்லை. லத்தீனில் 'டெபிட்டும்' என்று இருப்பதைப் பார்த்துப் பிறகு செருகினார்கள். ஐலண்டின் எஸ்ஸும் தீவுக்கான லத்தீன் சொல் 'இன்சுலா'வைப் பார்த்து நுழைத்ததே. அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இன்சுலாவுக்கும் உறவே கிடையாது!

தென்காசி_தேர்வன்:
ஐயா, ரெஃபர்டு என்பதில் இரண்டு ஆர், ரெஃபரன்ஸில் ஒன்று. அழுத்தம் முன்னால் நகர்ந்துவிட்டதாலா?

பழைய_ப்ரூஃப்ரீடர்:
அதேதான். அக்கரன்ஸில் அழுத்தம் நகரவில்லை, அதனால் ஆர் இரண்டு. சி-யும் இரண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். தேர்வில் அங்கேதான் கை வைப்பார்கள்.