இணைய வாற கணினியின்ரை முகவரியை அக்செப்டிலையே எடுக்கிறதோ, பிறகு கெட்பியர்நேமைக் கேக்கிறதோ?

நாவற்குழி_23
லினக்ஸிலை சீ மொழியிலை எழுதின ரிசிபி சேர்வர். திருநெல்வேலியிலை ஒரு ரியூஷன் சென்ரருக்கு. வகுப்பறைக் கணினி எது வந்து இணைஞ்சது எண்டு லொக்கிலை (பதிவுக் கோப்பிலை) விழவேணும். ஆர் வந்தாலும் 0.0.0.0 எண்டுதான் விழுது. இணைப்பு சரி, தரவும் வருது. முகவரி எழுத சொக்அடர்_இன் (ஐபி4 முகவரிக் கட்டமைப்பு) மாறியும் அதின்ரை நீளம் 16 உம் குடுத்துத்தான், வாற இணைப்பை ஏற்கிற அக்செப்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்கு. எங்கை பிழை?

பனையோலை
அக்செப்டின்ரை கடைசி ரெண்டு இடத்திலையும் நல் (வெறுமை) குடுத்துவிடுங்கோ. முகவரி தேவைப்படுற இடத்திலை கெட்பியர்நேமைக் கூப்பிடுங்கோ. சொக்கெற் எண், அதாவது இணைப்புக்கு லினக்ஸ் குடுத்த எண், கையிலை இருந்தால் போதும், முகவரியை ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளாலையும் காவித் திரியத் தேவையில்லை. எதிர்முனைக்கு கெட்பியர்நேம், எங்கட முனைக்கு கெட்சொக்நேம். ரெண்டையும் கேக்கிற விதம் ஒண்டுதான்.

வல்லைவெளி
அது பிழையைத் திருத்தாது, இடம் மாத்தி வைக்கும். கெட்பியர்நேமுக்கும் உதே மாறியைக் குடுத்தால் உதே 0.0.0.0 தான் வரும்.

தம்பி, முதல்லை ஒண்டு சொல்லுங்கோ. முகவரிக்குப் பக்கத்திலை போர்ட் என்ன விழுது? அதுவும் 0 ஓ?

நாவற்குழி_23
இல்லை அண்ணை. 51544, 40218 எண்டு ஒவ்வொருக்கா ஒண்டு. பைட் ஒழுங்கு மாத்துற என்டொஹெச்எஸ் போட்டுத்தான் எழுதுறன்.

வல்லைவெளி
அப்ப உங்கட சேர்வர் காத்திருக்கிறது ஐபி6 சொக்கெற்றிலை. பெயரை முகவரியாக்கிற கெட்அடர்இன்ஃபோ தந்த ஐபி6 முகவரியை அப்பிடியே பைண்ட் பண்ணியிருப்பியள், அதாவது சொக்கெற்றோடை கட்டியிருப்பியள்.

ஐபி4 கட்டமைப்பு 16 பைட், ஐபி6 கட்டமைப்பு 28 பைட். ரெண்டிலும் முதல் 2 பைட் குடும்பம், அடுத்த 2 பைட் போர்ட். அதுதான் போர்ட் சரியா வருது. அதுக்குப் பிறகு வாற 4 பைட்டிலை ஐபி4 முகவரி இருக்கும். ஐபி6 இலை அதே இடத்திலை ஃப்ளோ இன்ஃபோ எண்ட வேறை தகவல். அது பெரும்பாலும் பூச்சியம். நீங்கள் முகவரி எண்டு நினைச்சு வாசிக்கிறது அந்தப் பூச்சியத்தை.

போர்ட்டும் 0 எண்டு வந்திருந்தால் கதை வேறை. நீள மாறிக்கு ஆரம்ப மதிப்பு குடுக்காமல் அது 0 ஆக் கிடந்தால் கேர்னல் (லினக்ஸின்ரை மையப் பகுதி) ஒரு பைட்டும் எழுதாது. ஆனால் உண்மையான நீளத்தை அந்த மாறியிலை திருப்பி எழுதும். அதாலை முதல் இணைப்பு மட்டும் 0.0.0.0, ரெண்டாவதிலை இருந்து எல்லாம் சரி. உந்த வினோதத்தைப் பாத்து எத்தினை பேர் நெட்வேர்க்கைக் குறை சொல்லியிருப்பினம்!

உங்கட நிலை அதைவிடப் பயங்கரம். 16 எண்டு குடுத்தியள், கேர்னல் 16 பைட் எழுதிப்போட்டு, உண்மையான நீளம் 28 எண்டு மாறியிலை வைச்சிட்டுது. லூப்புக்குள்ளை திரும்பவும் 16 ஆக்காமல் விட்டால், அடுத்த அக்செப்ட் 16 பைட் இடத்துக்குள்ளை 28 பைட்டை எழுதும். பக்கத்திலை இருக்கிற மாறி போச்சுது. சொக்அடர்_ஸ்ரோரேஜ் போடுங்கோ, 128 பைட், எந்தக் குடும்பமும் கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலையும் நீளத்தை சைஸ்ஒஃப்பாலை புதுசா வையுங்கோ. குடும்பத்தைப் பாத்த பிறகுதான் அதின்ரை கட்டமைப்பா காஸ்ட் பண்ணவேணும்.

பனையோலை
கட்டமைப்பு விசயம் ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அது கெட்பியர்நேமுக்கு எதிரான வாதம் இல்லையே. சரியான பஃபர் குடுத்தால் ரெண்டும் ஒண்டுதான்.

வல்லைவெளி
ஒண்டில்லை. வந்தவன் இணைஞ்ச கையோடை ஆர்எஸ்ரி (இணைப்பை உடனை முறிக்கிற பொதி) அனுப்பிப்போட்டுப் போனால், நீங்கள் கெட்பியர்நேம் கூப்பிடேக்கை ஈநொட்கொன் (இணைப்பு இல்லை) பிழைதான் வரும். லினக்ஸ் கேர்னல் அக்செப்டுக்கு முகவரி எடுக்கேக்கை இணைப்பு உயிரோடை இருக்குதோ எண்டு பாக்கிறதில்லை. கெட்பியர்நேமுக்கு மட்டும்தான் பாக்கும். போர்ட் ஸ்கான் பண்ணுறவன் (எந்தப் போர்ட் திறந்திருக்கு எண்டு துழாவுறவன்) இப்பிடித்தான் தொட்டிட்டு ஓடுவான். லொக்கிலை ஆற்றை முகவரி கட்டாயம் வேணுமோ, அவன்ரைதான் கிடையாது.

பனையோலை
ஆர்எஸ்ரிக்கு மட்டும்தான் அது. எதிர்முனை ஒழுங்கா ஃபின் (முடிஞ்சுது எண்ட பொதி) அனுப்பி மூடினால், எங்கட பக்கம் மூடாத வரைக்கும் கெட்பியர்நேம் பதில் சொல்லும். அதை மறைச்சுப் பயமுறுத்தாதேங்கோ.

ஐநெட்டி (மற்றப் புரோகிராமுகளுக்காக இணைப்பை ஏற்கிற சேர்வர்) மாதிரி ஒண்டு இணைப்பை ஏற்று, ஃபோர்க்காலை தன்னைப் பிரதி பண்ணி, எக்ஸெக்காலை வேறை புரோகிராமை ஏத்தினால் என்ன செய்வியள்? பழைய நினைவகம் முழுக்கப் போய்விடும், சொக்கெற் மட்டும் திறந்தபடி கிடக்கும். அங்கை கெட்பியர்நேமை விட்டால் வேறை வழியில்லை.

வல்லைவெளி
ஓம், அந்த இடத்திலை அதுதான். கிளையன்ட் பக்கத்திலையும் அப்பிடித்தான்: பெயருக்கு நாலு முகவரி இருந்து அதிலை எது இணைஞ்சது எண்டு அறியக் கெட்பியர்நேம் நல்லது. போர்ட் 0 குடுத்து பைண்ட் பண்ணினால் கேர்னல் எதைத் தந்தது எண்டு அறிய கெட்சொக்நேம்.

ஆனால் ஒரே புரோகிராமுக்குள்ளை, இழைகள் (ஒரே நேரத்திலை ஓடுற வேலைகள்) பல ஓடுற சேர்வரிலை, "பிறகு கேப்பம்" எண்டு விடுறது ஆபத்து. சொக்கெற் 7 ஐ ஒரு இழை மூடினால், கிடைக்கிற மிகச் சிறிய எண்ணைத்தான் கேர்னல் அடுத்தவனுக்குக் குடுக்கும். அந்த 7 வேறை ஒருத்தனுக்குப் போன பிறகு உங்கட லொக் இழை 7 ஐக் கேட்டால் பிழை ஒண்டும் வராது, அடுத்தவன்ரை முகவரி வரும். பிழை வந்தாலும் பரவாயில்லை, பொய் விழக்கூடாது.

பனையோலை
உதிலை கதைக்க ஒண்டுமில்லை. மூடின சொக்கெற்றைக் கேக்கிறதே பிழை எண்டு சொல்லலாம், ஆனால் லொக் எழுதுறது பெரும்பாலும் மூடின பிறகுதான்.

கீரிமலைக்கேணி
ரெண்டு பேரும் விட்டது: எடுத்த முகவரியை எழுத்தாக்கிறது. ஐநெட்_என்டோஏ ஐபி4 க்கு மட்டும், அதோடை ஒரே நிலையான பஃபரைத் திரும்பத் திரும்பத் தரும். ஒரு பிரின்ட்எஃபுக்குள்ளை ரெண்டு தரம் கூப்பிட்டால் ரெண்டு முகவரியும் ஒண்டாத் தெரியும். ஐநெட்_என்டொப் பாவியுங்கோ, ஐபி6 க்கு 46 பைட் இடம். முகவரிக்குப் பெயர் தேடித் தாற கெட்நேம்இன்ஃபோ எண்டால் எண்ணாத் தா எண்ட கொடி கட்டாயம். இல்லாட்டி ஒவ்வொரு இணைப்புக்கும் பெயர் தேடி டிஎன்எஸ் சேர்வரிட்டைப் போகும். அது பதில் சொல்லாட்டி இயல்பு அமைப்பிலை ஒரு முயற்சிக்கு 5 செக்கன் எண்டு அப்பிடியே நிக்கும்.

மற்றது, இது வெளி இணையத்துக்குப் போனால் நீங்கள் பிடிக்கிறது ஒழுங்கையின்ரை வாசலைத்தான், படலையை இல்லை. ஒரு பொது ஐபிக்குப் பின்னாலை நூறு வீடு நிக்கலாம். இணைய நடைமுறை ஆவணமான ஆர்எஃப்சி 6302 (2011) அதுக்குத்தான் சொல்லுது: முகவரியோடை வந்தவன்ரை போர்ட்டையும் சரியான நேரத்தையும் சேத்து எழுது எண்டு. முன்னாலை எஞ்சின்எக்ஸ் மாதிரிப் புரொக்சி (இடையிலை நிண்டு இணைப்பைக் கடத்துற சேர்வர்) இருந்தால் அக்செப்டும் கெட்பியர்நேமும் புரொக்சியின்ரை முகவரியைத்தான் சொல்லும், உங்கட சண்டையாலை ஒரு பிரயோசனமும் இல்லை.

நாவற்குழி_23
ஸ்ரோரேஜ் போட்டு, லூப்புக்குள்ளை நீளத்தையும் வைச்சாச்சு. முகவரி வருது. ஆனால் 192.168.1.23 க்கு முன்னாலை நாலு எஃப் ஒட்டி வருது. "192.168.1." எண்டு தொடங்கினால் மட்டும் விடு எண்ட சோதனை இப்ப எல்லாரையும் தள்ளுது.

வல்லைவெளி
அது ஐபி6 உடுப்புப் போட்ட ஐபி4. முகவரி அந்த வகையோ எண்டு பாக்க ஒரு மக்ரோ இருக்கு. ஓம் எண்டால் 16 பைட்டிலை கடைசி 4 ஐ எடுத்து ஐபி4 ஆ ஒப்பிடுங்கோ. எழுத்தா ஒப்பிடாமல் எண்ணா, முதல் 24 பிட்டை.

பனையோலை
எனக்கெண்டால் ரெண்டு சொக்கெற் பிடிக்கும்: ஐபி4 க்கு ஒண்டு, ஐபி6 க்கு ஒண்டு. உடுப்பு மாத்துற வேலையே இல்லை. ஐபி6 சொக்கெற்றிலை வி6ஒன்லியை (ஐபி6 மட்டும் எண்ட அமைப்பை) 1 ஆ வையுங்கோ, அதுவும் பைண்டுக்கு முதல். மறந்தால் ரெண்டாவது பைண்ட், முகவரி ஏற்கெனவே பாவனையிலை எண்டு நிண்டிடும்.