"எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகள் கேட்ட நாள்: உங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்

கணக்கு டீச்சர், உசிலம்பட்டி பக்கம்

ஒன்பதாம் வகுப்புக்கு வரைபடம் நடத்த வேண்டியிருந்தது. பேப்பரில் தினமும் வருகிற வைகை அணை நீர்மட்டத்தை எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வெறும் எண் கிடையாது. அணை 67 அடியைத் தொட்டால்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வரும் என்று வீட்டில் பேசிப் பேசியே வளர்ந்தவர்கள். முழுக் கொள்ளளவுக்கு 71 அடி.

"அணையில் முப்பத்தஞ்சரை அடி தண்ணி நிக்குது. எவ்வளவு நிறைஞ்சிருக்கு?" என்று கேட்டேன். வகுப்பே "பாதி டீச்சர்" என்றது. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும், "பாதி இருக்காது டீச்சர்" என்றான். முன்னால் இருந்த பெண், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று திரும்பினாள். "கோடையில கண்மாய்க்குள்ளதான கிரிக்கெட் ஆடுறோம். அடியில கொஞ்சம் இடம்தான். மேல போகப் போக அகலமாயிரும்ல?"

நானே விளக்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் சத்துணவு அக்காவிடம் பெரிய இருப்புச்சட்டி ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்தோம். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஸ்டீல் ஸ்கேலை நட்டுப் பார்த்தால் 2 செ.மீ. 4 செ.மீ. தொட நாலு டம்ளர் ஆனது. 6 செ.மீ. வர எட்டு டம்ளர். புள்ளி வைத்துச் சேர்த்தபோது கோடு நேராகப் போகாமல் வளைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அதனாலதான் 66ல இருந்து 67 ஏற அத்தனை நாள் ஆகுதா டீச்சர்?" உடனே இன்னொருத்தி, "மழை குறைஞ்சு வரத்து குறைஞ்சாலும் நாளாகும்ல?" என்றாள். இரண்டையும் கரும்பலகையில் எழுதி, எதனால் என்று பிரித்துச் சொல்ல இன்னும் என்னென்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகள் அறிவியல் வகுப்பில் ஒரு வரைபடத்தை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்தார்களாம். ஏன் அந்தக் கோடு நேராக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை என்று அறிவியல் சார் சொன்னார். எனக்கு மனசே விட்டுப்போனது. ஒரு பாடத்தில் யோசிக்கப் பழகினால் மற்றதில் தானாக வந்துவிடும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். உங்கள் பள்ளியில் எப்படி?

சமூக அறிவியல் சார், திருப்புவனம் பக்கம்

டீச்சர், தானாக வராது. ஆனால் இழுத்தால் வருகிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வழக்கம்போல, "353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டைச் சோதித்தார்கள், கி.மு. 580 என்று வந்தது" என்று சொன்னேன். குறிப்பு எழுதிக்கொண்டே வந்த ஒரு பெண் பேனாவை நிறுத்தினாள். "சார், கரிக்கு வயசு தெரிஞ்சா அந்த மரம் எப்போ செத்துச்சுன்னுதானே தெரியும்? பானை எப்போ செஞ்சாங்கன்னு எப்படிச் சொல்றாங்க?"

பதினாறு வருடமாக அந்தப் பாடம் மாதிரியானவற்றை நடத்துகிறவன் நான். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய பேப்பர் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். நடுவில் ஒரு மளிகைக் கடை ரசீது சொருகியிருந்தேன், தேதியைக் கிழித்துவிட்டு. ரசீதுக்கு மேலே எந்தத் தேதிப் பேப்பர், கீழே எந்தத் தேதி என்று பார்த்து அது எந்த வாரத்து ரசீது என்று கண்டுபிடித்தார்கள். அகழ்வாய்வில் மண்ணடுக்கு செய்கிற வேலை அதுதான்: கரி கிடந்த அடுக்கிலேயே பானை ஓடும் கிடந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம் என்று கொள்கிறார்கள். அப்புறம் ஒரு பையன், "சார், நடுவுல இருந்து யாராவது பேப்பரை உருவி, திரும்ப மேல வச்சிருந்தா?" என்றான். இதைவிட நல்ல கேள்வியை ஒரு தொல்லியல் மாணவர்கூடக் கேட்க முடியாது. குழி தோண்டி அடுக்கு கலைந்திருக்கிறதா என்று ஏன் அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள், ஏன் ஒரே ஒரு கரித்துண்டோடு நிறுத்தாமல் இன்னும் பல மாதிரிகளைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் பேச்சில் தானாக வந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. "கரியின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று அறிவியல் டீச்சரிடம் கேளுங்கள்" என்று அனுப்பினேன். அவர், கரியில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும், அது பாதியாகக் குறைய 5730 ஆண்டு ஆகும் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அங்கேயும் விடவில்லை: "அவ்வளவு வருஷம் யாரும் உட்கார்ந்து பார்க்கலையே, எப்படித் தெரியும்?" டீச்சர் என்னிடம் வந்து, "என்ன சார் சொல்லி அனுப்பினீங்க?" என்று சிரித்தார். கேள்வியை நாங்கள் இருவரும் சேர்ந்து கைமாற்றிவிட்டதால்தான் அது ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போனது.

ஓர் அம்மா, அனுப்பானடி

நான் ஆசிரியை இல்லை, படித்துக்கொண்டே வந்தேன். என் மகன் ஏழாவது. டியூஷனில் ஒரு கணக்குக்கு "இந்தச் சூத்திரம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறான். "பரீட்சையில அதைக் கேக்க மாட்டாங்க, எழுது" என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு வீட்டில்கூட அவன் கேட்பது குறைந்துவிட்டது. இப்போது தினமும் சாப்பிடும்போது, "இன்னைக்கு என்ன கேட்ட?" என்றுதான் கேட்கிறேன். என்ன மார்க் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வருகிறான்.

தமிழாசிரியர், மேலூர்

உங்கள் மகனை விட்டுவிடாதீர்கள் அம்மா.

வினா ஆறு வகை என்று நன்னூல் சொல்வதைப் பத்தாம் வகுப்பில் நடத்துகிறோம்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்துகொண்டே, எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. அந்தப் பாடத்தன்று ஒரு மாணவனைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, "நான் கேட்கிற கேள்வியை எல்லாம் வகை பிரித்துக் கோடு போடு" என்றேன். மணி அடித்ததும் நோட்டை நீட்டினான். 31 கேள்வி. 26 அறிவினா. "போர்டைத் துடைக்கலையா?" மாதிரி ஏவல் நாலு. "சாக்பீஸ் இருக்கா?" என்ற கொளல் ஒன்று. ஐயவினா இல்லை, அறியாவினா இல்லை. பையன் தயங்கி, "ஐயா, உங்களுக்குச் சந்தேகமே வராதா?" என்றான். அந்த நோட்டுத் தாளை இன்னமும் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது எனக்கே விடை தெரியாத கேள்வியோடு வகுப்புக்குப் போகிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. கணிநந்தன் என்ற சமணத் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. சங்கப் பாட்டில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் இருக்கிறான், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் இருக்கிறான். "கல்லில் இருப்பவன் இவர்களில் ஒருவனா, வேறொருவனா?" என்று கேட்டேன். விடை சொல்ல வேண்டாம். எது கிடைத்தால் உறுதியாகச் சொல்லலாம் என்று மட்டும் எழுதச் சொன்னேன். "தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பாங்கல்ல, பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுக்கு வழக்கமாகத் தேர்வில் நாற்பது தாண்டாது.

அறிவியல் டீச்சர், திருமங்கலம்

எல்லாம் சரி, ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முன்பு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைச் சிந்தனை வகுப்பு என்று தனியாக வைத்துப் புதிர் போட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் ரசித்தார்கள், திங்கள்கிழமை எதுவும் மிஞ்சவில்லை. பாடத்தில் சரக்கு இல்லாமல் வெறுமனே யோசி யோசி என்றால் ஊகம்தான் வரும். உசிலம்பட்டிப் பையன் பாதி இல்லை என்று சொன்னதற்குக் காரணம் அவனுக்குக் கண்மாய் தெரியும் என்பதுதான்.

கணக்கு டீச்சர், உசிலம்பட்டி பக்கம்

எல்லாருக்கும் நன்றி. திருப்புவனம் சார் எழுதியதை எங்கள் ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற ஐந்து பேரும் ஒரே கேள்வியை, ஒரே வார்த்தையில் கேட்பது என்று பேசிக்கொண்டோம்: "எப்படித் தெரியும்?" பதில் மட்டும் பாடத்துக்குப் பாடம் மாறும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டோம். கணக்கில் நிரூபிக்க வேண்டும், அறிவியலில் செய்து பார்க்க வேண்டும், வரலாற்றில் சான்று காட்ட வேண்டும், தமிழில் பாட்டின் அடியைக் காட்ட வேண்டும். ஆங்கில டீச்சர் மட்டும் முதலில் தயங்கினார், இப்போது அவர்தான் அதிகம் கேட்கிறார்.

மூன்று வாரம் ஆகிறது. நேற்று அறிவியல் சார் மின்னோட்ட வரைபடத்தைப் போட்டிருக்கிறார். இருப்புச்சட்டியில் தண்ணீர் ஊற்றிய அதே பெண் எழுந்து, "சார், இந்தக் கோடு ஏன் வளையல?" என்று கேட்டாளாம். அவர் மதியம் சோற்று டப்பாவைக்கூடத் திறக்காமல் என்னைத் தேடி வந்து சொன்னார்.