உணவு பதப்படுத்தும் தொழில் வளர்ந்தால் எரிசக்திச் சிக்கனம் தானாக வருமா?

வயல்வரம்பு எழுதியது:

வளரும் நாடுகளில் உணவு பதப்படுத்தும் தொழிலை விரிவாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "அதற்கான எரிசக்திக்கு எங்கே போவது?" என்று கேட்டே அந்தப் பேச்சை முடக்கிவிடுகிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் வாதம். அறுவடைக்குப் பின், சில்லறை விற்பனைக்கு வருவதற்கு முன், உலக அளவில் ஏறத்தாழ 14 விழுக்காடு உணவு இழக்கப்படுகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2019-இல் கணக்கிட்டது. அழுகிப்போகும் விளைபொருளோடு, அதற்கு இட்ட உரத்தைத் தயாரிக்க எரித்த எரிவாயுவும், நீர் இறைத்த மின்சாரமும், ஏற்றிவந்த வண்டியின் டீசலும் சேர்ந்தே வீணாகின்றன. ஆலைகள் பெருகினால் இந்த இழப்பு குறையும். மேலும், தொழில் நவீனமாகும்போது ஓர் அலகு மதிப்புக்கூட்டலுக்குச் செலவாகும் எரிசக்தி, அதாவது எரிசக்திச் செறிவு, பல நாடுகளில் குறைந்தே வந்திருக்கிறது. ஆகவே முதலில் தொழிலை வளர விடுங்கள். சிக்கனம் அதன் பின்னாலேயே வரும்.

நீராவி எழுதியது:

இழப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. எரிசக்திச் செறிவைச் சான்றாகக் காட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த எண்ணில் மூன்று வெவ்வேறு மாற்றங்கள் கலந்திருக்கின்றன: உற்பத்தியின் மொத்த அளவு, எந்தெந்தப் பொருள் எவ்வளவு என்ற கலவை, அதே பொருளைச் செய்யும் முறையின் திறன். இவற்றைப் பிரிக்காமல் சிக்கனம் வந்துவிட்டது என்று சொல்வது பொருந்தாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு நாட்டில் மாவுச்சத்து ஆலைகளும் பிஸ்கட் ஆலைகளும் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். மாவுச்சத்தில் ஓர் அலகு மதிப்புக்கு 10 அலகு எரிசக்தியும், பிஸ்கட்டில் 2 அலகும் செலவாகின்றன. தொடக்கத்தில் இரண்டும் தலா 50 அலகு மதிப்பை ஈட்டினால் மொத்த எரிசக்தி 600, செறிவு 6. பத்தாண்டு கழித்து மாவுச்சத்து அதே 50-இல் நிற்க, பிஸ்கட் 150 ஆகிறது. மொத்த எரிசக்தி 800 ஆக உயர்ந்துவிட்டது, செறிவோ 4 ஆகக் குறைந்துவிட்டது. இடையில் ஒரு கொதிகலன்கூட மாற்றப்படவில்லை, ஒரு குழாய்க்குக்கூட வெப்பக் காப்பு போடப்படவில்லை. அறிக்கையில் மட்டும் திறன் மூன்றில் ஒரு பங்கு மேம்பட்டதாகத் தோன்றும்.

இன்னொன்றும் இருக்கிறது. பல நாடுகளின் தொழில் கணக்கெடுப்பில் வாங்கிய எண்ணெய், நிலக்கரி, மின்சாரம் ஆகியவை ஒழுங்காகப் பதிவாகும்; ஆலை தன் வளாகத்திலேயே எரிக்கும் உமியும், சக்கையும், ரசீது இல்லாமல் வந்த விறகும் பெரும்பாலும் பதிவாவதில்லை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி என்பதை நினைத்தால், புழுங்கலரிசி ஆலைகள் மிகுந்த நாட்டில் ஏட்டுக்கு வெளியே எவ்வளவு வெப்பம் எரிகிறது என்பது புரியும்.

வயல்வரம்பு எழுதியது:

கணக்கு முறையில் குறை இருக்கலாம், ஆனால் தொழில்நுட்ப வரலாறு என் பக்கம்தான் நிற்கிறது. ஓர் ஆவியாக்கியில் எழும் நீராவியையே அடுத்ததற்கு வெப்பமாகத் தரும் பல நிலை ஆவியாக்கியை 1840-களில் அமெரிக்காவின் லூசியானா சர்க்கரை ஆலைகளுக்காக நார்பர்ட் ரில்லியூ உருவாக்கினார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தொழில் விரிந்தது, எரிபொருள் செலவு உறுத்தியது, தீர்வு பிறந்தது. இன்று கரும்புச் சர்க்கரைத் தொழில் தன் சக்கையையே எரித்துத் தன் தேவையை நிறைவுசெய்துகொண்டு, மிஞ்சிய மின்சாரத்தைப் பொது மின்கட்டமைப்புக்கு விற்கவும் செய்கிறது. மொரீஷியஸ் போன்ற சிறிய தீவு நாடு இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறது. பிரேசிலும் செய்கிறது. வளர்ச்சி இல்லாமல் இந்த முதலீடு எங்கிருந்து வந்திருக்கும்?

நீராவி எழுதியது:

மொரீஷியஸை முழுமையாகச் சொல்லுங்கள். அங்கே அரைவைப் பருவத்தில் சக்கையை எரிக்கும் மின் நிலையங்கள், பருவம் முடிந்ததும் இறக்குமதி நிலக்கரியை எரித்து வந்திருக்கின்றன. கொதிகலனுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்தால்தான் முதலீடு கட்டுபடியாகும் என்பதே காரணம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் தூய்மையான வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டும்போது அந்தப் பாதியை விட்டுவிடக் கூடாது.

ரில்லியூவின் கண்டுபிடிப்பு உண்மையில் என் வாதத்துக்கே துணை நிற்கிறது. 100 பாகை செல்சியஸில் ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். எந்த நாடானாலும் இதில் தள்ளுபடி கிடையாது. தக்காளியில் திடப்பொருள் 5 விழுக்காடு என்று வைத்தால், 30 விழுக்காடு திடமுள்ள விழுது ஒரு கிலோ கிடைக்க 6 கிலோ தக்காளி தேவை. 5 கிலோ நீர் வெளியேற வேண்டும். ஒற்றை நிலையில் கொதிக்கவைத்தால், இழப்புகளைச் சேர்க்காமலே, அதற்கு 11,000 கிலோஜூலுக்கு மேல் ஆகும். மூன்று நிலை ஆவியாக்கியில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கும், நடைமுறையில் அதைவிடச் சற்றுக் கூடும். வெளியேறும் நீராவியை அழுத்தி மீண்டும் பயன்படுத்தும் இயந்திரங்கள் இன்னும் குறைவாகவே கேட்கும். இந்த அறிவு ஏறத்தாழ 180 ஆண்டுப் பழையது. அப்படியிருந்தும் வளரும் நாடுகளின் சிறு ஆலைகள் பலவற்றில் இன்றும் திறந்த பாத்திரத்தில்தான் சாறு கொதிக்கிறது. தானாக வரும் சிக்கனம் ஏன் இத்தனை காலமாக வழியிலேயே நிற்கிறது?

சிறுஆலை எழுதியது:

நீராவி ஐயாவின் கேள்விக்குக் கொதிகலன் பராமரிப்பில் இருக்கும் நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முதல் காரணம், இந்தத் தொழிலின் செலவில் பெரும் பங்கு மூலப்பொருளுக்கே போய்விடுகிறது. எரிசக்திக்குப் போவது, உலர்த்துதல் போன்ற சில வேலைகள் நீங்கலாக, சிறு பங்குதான். ஆகவே உரிமையாளரின் கவனம் கொள்முதல் விலையில் இருக்கும், புகைபோக்கியில் இருக்காது. இரண்டாவது காரணம் பருவம். பழமோ தக்காளியோ வருவது ஆண்டில் சில மாதங்கள்தான். ஆண்டு முழுவதும் ஓடும் பால் பதப்படுத்தும் ஆலையில் மூன்று ஆண்டுகளில் முதலைத் திருப்பித் தரும் வெப்ப மீட்புக் கருவி, மூன்று மாதம் மட்டும் ஓடும் ஆலையில் அதே முதலைத் திருப்பித் தரப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுக்கும். எந்த வங்கி அதற்குக் கடன் தரும்? பாலைச் சூடாக்கும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் திரும்பப் பெறும் தகட்டு வெப்பமாற்றிகள் பால் தொழிலில் இயல்பாகவே நிலைபெற்றதற்கும், பழத் தொழிலில் அப்படி நடக்காததற்கும் இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

ஆனால் வயல்வரம்பு அவர்கள் சொல்வதுபோல் வளர்ச்சி வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. நீராவி குளிர்ந்து நீராகும் கண்டன்சேட்டைச் சாக்கடையில் விடாமல் கொதிகலனுக்கே திருப்பினால், உள்ளே போகும் நீரின் வெப்பநிலை ஒவ்வொரு 6 பாகை உயர்வுக்கும் எரிபொருள் ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும். இதற்குத் தேவை ஒரு தொட்டி, ஒரு பம்பு, கொஞ்சம் குழாய். இதைக்கூடச் செய்யாத ஆலைகள் இருக்கின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

குளிரறை எழுதியது:

எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். வயல்வரம்பு சொன்ன 14 விழுக்காடு இழப்பைக் குறைக்கக் குளிர்பதனமும் வேண்டும். அதன் மின்சாரத் தேவை பருவம் பார்க்காமல் இரவும் பகலும் ஓடுவது. மின்தடை மிகுந்த இடத்தில் அது டீசல் ஜெனரேட்டரின் மேல்தான் நிற்கும். அதோடு குளிரூட்டும் இயந்திரங்களுக்குள் ஓடும் குளிர்வாயுவின் கசிவையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. குளிர்கிடங்குகளில் பரவலாகப் பயன்படும் ஆர்-404ஏ வாயு, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 3,900 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. 2016-இல் ஏற்கப்பட்ட கிகாலி திருத்தம் என்ற பன்னாட்டு உடன்பாட்டின்படி வளரும் நாடுகளும் இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும். இன்று பழைய வாயுவில் கட்டப்படும் கிடங்கு, அதன் ஆயுள் முடியும் முன்பே வாயு கிடைப்பது அரிதாகித் தடுமாறக்கூடும். பெரிய கிடங்குகளுக்கு அம்மோனியா நன்கு சோதித்த மாற்று. நச்சுத்தன்மை உடையது என்பதால் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

வயல்வரம்பு எழுதியது:

நீங்கள் மூவரும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால், மூன்று நிலை ஆவியாக்கியும் அம்மோனியாக் கிடங்கும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாதவர் தொழிலுக்கே வரக் கூடாது என்றாகிறது. திறன் விதிகளைக் கடுமையாக்கினால் முதலில் மூடப்படுவது யாருடைய ஆலை? நான்கு பேரை வைத்து நடத்துபவருடையதுதான். பெரிய நிறுவனம் ஆலோசகரை அமர்த்தி விதியை நிறைவேற்றிவிடும், பின்னர் மூடிய ஆலையின் கொள்முதலையும் எடுத்துக்கொள்ளும். எரிசக்தி மிச்சமாகலாம், விவசாயிக்குப் பொருளை விற்க ஒரே ஒருவர்தான் மிஞ்சுவார். வளரும் நாட்டில் இந்தத் தொழிலை வளர்க்கச் சொல்வதே ஊர்ப்புறத்தில் வேலையும் போட்டியும் பெருக வேண்டும் என்பதற்காகத்தான்.

நீராவி எழுதியது:

நான் தடையைக் கேட்கவில்லை. பொதுப் பணம் எங்கே போகிறதோ அங்கே நிபந்தனை வைக்கக் கேட்கிறேன். ஆலை தொடங்க மானியமோ வட்டிச் சலுகையோ தரும் அரசு, இப்போது பெரும்பாலும் உற்பத்தித் திறனையும் வேலைவாய்ப்பையும் மட்டுமே கேட்கிறது. ஒரு டன் நீரை வெளியேற்ற எவ்வளவு எரிபொருள் என்ற ஒரே எண்ணை, உமியையும் விறகையும் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை கேட்டால் போதும். கொதிகலன் இருபது, முப்பது ஆண்டுகள் நிற்கும் பொருள். மானியம் பெற்று இன்று வைக்கப்படும் மட்டமான கொதிகலன், வளர்ச்சி வந்தபின் நாம் மனம் மாறினாலும் அங்கேயே நிற்கும். சிறு ஆலையைக் காப்பதற்கான வழி, அதற்கு நல்ல கருவி வாங்கக் கூடுதல் மானியம் தருவது. மோசமான கருவியோடு விட்டுவைத்தால், எரிபொருள் விலை ஏறும் நாளில் முதலில் மூடப்படுவதும் அதே நான்கு பேர் ஆலைதான்.

வயல்வரம்பு எழுதியது:

கூடுதல் மானியம் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆண்டுதோறும் எண் கேட்பது என்றால், அதைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வருவார். அவர் எதைப் பார்ப்பார், எதைக் கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சிறுஆலை எழுதியது:

டன் நீரைக் கணக்கிட நீராவி அளவி வேண்டும், சிறு ஆலைகளில் அது இருக்காது. மாதத்தில் எரித்த எரிபொருளின் எடையை அந்த மாத உற்பத்தியின் எடையால் வகுத்து, ஆலைச் சுவரிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அதிகாரி வந்தாலும் வராவிட்டாலும், நீராவியைத் தடுத்துக் குளிர்ந்த நீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் டிராப் ஒழுகத் தொடங்கிய மாதத்தில் அந்த எண் ஏறும். உரிமையாளர் கண்ணில் அது படும்.