மீன் மாவு ஆலைக்கு ஊராட்சி அனுமதி தரலாமா?

உப்பங்காற்று: சாயல்குடிப் பக்கம் கடலோர ஊராட்சி எங்களுடையது. ஒரு கம்பெனி, மீனை அவித்து அரைத்துத் தீவனத்துக்கு விற்கிற மீன் மாவு ஆலை போட அனுமதி கேட்டிருக்கிறது. கடலிலிருந்து 600 மீட்டர் தள்ளி, ஓடைக் கரையில் இடம். அடுத்த கிராம சபையில் தீர்மானம் வருகிறது. நான் எதிர்ப்பு.

தம்மாம்காரன்: அண்ணே, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் 500 மீட்டர்தான். புது மீன் பதப்படுத்தும் ஆலைக்குத் தடை அதற்குள்ளேதான். எல்லை தாண்டி வருகிறவனை எதற்கு மறிக்கிறீர்கள்? ஊரில் கரிமூட்டம், உப்பளம் விட்டால் வேறு என்ன வேலை? உப்பூர் அனல்மின் நிலையமும் இப்படி ஊர் எதிர்த்துத்தான் கைவிட்டுப் போனது.

உப்பங்காற்று: உப்பூருக்கான சுற்றுச்சூழல் அனுமதியை 2021-இல் நிறுத்திவைத்தது பசுமைத் தீர்ப்பாயம், தம்பி. சும்மா ஊர்ச்சத்தம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு கிலோ மாவுக்கு நாலைந்து கிலோ மீன் வேண்டும். அவித்துப் பிழிந்தால் வருகிற தண்ணீரில் எண்ணெயும் சதையும் கலந்திருக்கும். அது ஓடையில் அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, மீன் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம்.

தம்மாம்காரன்: சுத்திகரிப்பு இல்லாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவு தராது. விசைப்படகில் வருகிற, சாப்பாட்டுக்கு விலைபோகாத கழிசல் மீன் எப்படியும் மாவுக்குத்தான் போகிறது. அது நம்மூரில் அரைபட்டால் என்ன?

பாசிக்காரி மகள்: இசைவு பகலில் இருக்கும், மதகை ராத்திரி திறப்பார்கள். கழிசல் என்று தொடங்கி, பிறகு நாம் தின்கிற சூடை மீனையும் அள்ளுவார்கள். கருவாடு போடுகிற எங்கள் சனம் எதை வாங்கும்? எனக்கு அதைவிடப் பயம், குடிதண்ணீருக்கு மணலில் தோண்டுகிற ஊற்றுதான். ஆளுயரம்கூடத் தோண்டுவதில்லை. உட்கார்ந்து சிரட்டையால் கோரிக் கோரித்தான் குடம் நிறையும். மணலில் மேலே மிதப்பதுதான் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. ஆலை போர்வெல் போட்டு இழுத்தால் அந்த உப்பு மேலேறிவிடும்.

கணக்குப்பிள்ளை: 600 மீட்டரை விடுங்கள், ஓடையைப் பாருங்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடைக்கும் மண்டல விதி உண்டு. மத்திய அரசின் 2011 மண்டல அறிவிக்கையில் கரையிலிருந்து 100 மீட்டர், 2019-இல் 50 ஆனது. ஓடையின் அகலம் அதைவிடக் குறைவு என்றால் அந்த அகலம்தான் கணக்கு. சர்வே எண்ணை வைத்துக் கடலோர மண்டல வரைபடத்தில் தேடுங்கள். கிராம சபைக்கு முன்னால் அந்த நகல் கையில் இருக்க வேண்டும்.

தம்மாம்காரன்: சரி, பாருங்கள். ஆனால் இடம் வெளியே என்று வந்தால் அப்புறம் வேறு காரணம் தேடக் கூடாது.

பாசிக்காரி மகள்: தேடத் தேவையில்லை அண்ணே, ஊற்று அங்கேயேதான் இருக்கிறது. போர்வெல் போட மாட்டோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.