பங்குப் பண்ணையில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நாள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சுரைக்கொடி:

பருவம் தொடங்கும் முன்பே பணம் கட்டிவிட்டு வாராவாரம் பண்ணையிலிருந்து காய்கறிப் பெட்டி எடுப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன பருவத்தில் எங்கள் பண்ணைத் தக்காளி அப்படி வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை களை எடுக்கப் போனபோது கொத்துக் கொத்தாகப் பச்சைக்காய், அடியில் ஒன்றிரண்டு நிறம் திரும்பியிருந்தன. இன்னும் பத்து நாளில் பெட்டி நிறையத் தக்காளிதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் வெயிலே இல்லை, குளிர்ந்த தூறல்.

சனிக்கிழமை போனால் பெட்டியில் முள்ளங்கி, இரண்டு கட்டுக் கீரை, இரண்டு வெள்ளரி. கொட்டகையில் ஒரு கரும்பலகை உண்டு. ஒரு பங்குக்கு அந்த வாரம் என்ன, எவ்வளவு என்று அதில் எழுதுவார்கள். 'தக்காளி' என்று எழுதி அழித்திருந்த தடம் தெரிந்தது. "என்னண்ணா, எங்களுக்குத் தக்காளி இல்லையா?" என்று பண்ணைக்கார அண்ணனிடம் கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை. எங்கள் பங்கை எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது போலக் கேட்டேன்.

அவர் "வாங்க" என்று மட்டும் சொல்லிப் பாத்திக்கு அழைத்துப் போனார். ஒரு இலையைப் பிடித்துக் காட்டினார். மேல்பக்கம் எண்ணெய் பட்ட காகிதம் போலக் கரும்பழுப்புத் திட்டு. திருப்பினார். அடியில், அந்தத் திட்டின் ஓரத்தைச் சுற்றி, பஞ்சை மெல்லப் பிரித்து ஒட்டியது போல வெள்ளைப் பூசணம். ஒரு காயைப் பறித்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் நல்ல பச்சை, மறுபக்கம் பழுப்பு. அழுத்தினால் கட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. "புதன்கிழமை நாலு செடியில பார்த்தேன். நேத்து பாதி. இன்னிக்கு எல்லாம்," என்றார். பின்னால் அவர் மனைவி செடிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்து நின்றதற்கு அவர் நிமிரக்கூட இல்லை.

விளைந்தாலும் பங்கு, விளையாவிட்டாலும் பங்கு என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். எட்டு மாதம் ஆகிறது. அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

வரப்போரம்:

எனக்கு வெண்டைக்காய். எங்கள் பண்ணையில் பறிப்பு வேலை பங்குதாரர்களுக்கு முறைவைத்து வரும். என் முறையன்று வேறு வேலை வந்தது, இரண்டு நாள் கழித்துத்தான் போனேன். பூ விரிந்த ஐந்தாறு நாளில் பறிக்க வேண்டிய காய். போய்ப் பார்த்தால் விரல் நீளக் காயெல்லாம் சாண் நீளமாகி நிற்கிறது. நுனியை ஒடித்தேன், ஒடியவில்லை, வளைந்தது.

பண்ணையை நடத்தும் அம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. முற்றிய காயைச் செடியில் விட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும், புதுப் பூ குறைந்துவிடும் என்று சொல்லி, கத்தியை எடுத்து வரிசை வரிசையாக எல்லாவற்றையும் அறுத்தார். தராசில் வைத்தார். 11 கிலோ. நோட்டில் தேதி போட்டு அந்த எண்ணை எழுதினார். அப்புறம்தான் கொண்டுபோய் உரக்குழியில் கொட்டினார். கொட்டப் போகிறதை ஏன் நிறுத்து எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த நோட்டுப் பக்கம் மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

விதைப்பெட்டி:

சுரைக்கொடி அக்கா, நீங்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. முன்பணம் கட்டியவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. புதன்கிழமையே நோய் தெரிந்துவிட்டது என்றால் அன்று மாலையே எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி போட்டிருக்கலாமே? நட்டத்தில் பங்கு எடுக்கத் தயாராக இருக்கிறோம், சரி. ஆனால் நட்டம் நடக்கிறது என்று தெரிந்தால்தானே பங்கு எடுக்க முடியும்?

நான் ஒரு பண்ணையில் இருந்தேன். குளிர்காலப் பயிர் முடிந்து அடுத்தது இன்னும் வராத அந்த இடைவெளியில், நாலு வாரம் தொடர்ந்து வெறும் கீரை வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் நான் போகவில்லை. அடுத்த பருவத்துக்குப் பணமும் கட்டவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த நாலு வாரமும் அவர்கள் நாற்றங்காலில் இரவெல்லாம் காவல் இருந்திருக்கிறார்கள், எலி ஒவ்வொரு தட்டாகக் காலி செய்துகொண்டிருந்ததாம். சொல்லியிருந்தால் நானும் ஓர் இரவு போய் உட்கார்ந்திருப்பேன். உண்மையாகவே போயிருப்பேன்.

நாற்றங்கால்:

விதைப்பெட்டி, குறுஞ்செய்தி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. புதன்கிழமை அவர் கையில் இருந்தது மண்ணும் செடியும். நாலு செடி நாற்பதாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். 'உரிமை' என்று நீங்கள் சொல்லும் சொல்லும் எனக்கு இடிக்கிறது. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பாருங்கள். ஜப்பானில் பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பத் தலைவிகள் விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து 'தெய்க்கெய்' என்று வளர்த்தது. 1978-ல் அதற்குப் பத்துக் கொள்கை வகுத்தார்கள். விளைந்ததை முழுவதும் ஏற்றுக்கொள்வது அதில் ஒன்று. 1986-ல் அமெரிக்காவில் இந்தியன் லைன், டெம்பிள்-வில்டன் என்று இரண்டு பண்ணைகள் தொடங்கின. டெம்பிள்-வில்டனில் ஆண்டுச் செலவைக் கூட்டத்தில் வைப்பார்கள், ஒவ்வொரு வீடும் தன்னால் முடிந்ததைச் சொல்லும், செலவு நிறையும் வரை. அவர்கள் காய்க்குக் காசு கொடுக்கவில்லை, பண்ணை நடப்பதற்குக் கொடுத்தார்கள். நாமும் அதைத்தான் செய்கிறோம் என்று நம்புகிறேன்.

என் கதை சின்னது. அவரைக் கொடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. கொழுந்தே கறுத்துப் போயிருந்தது. அதன் நடுவே கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி சில புழுக்கள் ஊர்ந்தன. இவைதான் காரணம் என்று நினைத்து ஒவ்வொன்றாக நசுக்கினேன், முப்பதுக்குக் குறையாது. பெருமையாகப் போய்ச் சொன்னேன். பண்ணைக்காரப் பெண் என் விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். "அது பொறிவண்டுக் குஞ்சுக்கா," என்றாள். "அசுவினிய தின்ன வந்தது." அதைச் சொல்லும்போது அவள் குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது.

அடுத்த வாரம் அந்தக் கொடியை அடியோடு வெட்ட வேண்டியதாகிவிட்டது.

உரக்குழி:

சுரைக்கொடி சொல்வது பின்கருகல் நோய். எனக்கும் ஒரு பருவம் இதே மாதிரி போனது, அது இருக்கட்டும். அடுத்த பருவத்துக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன், உங்கள் பண்ணைக்கார அண்ணனுக்கும் காட்டுங்கள்.

இது சாதாரணப் பூஞ்சை இல்லை, நீர்ப்பூசண வகை. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதே உயிர்தான். தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டையும் தாக்கும். அதற்கு வேண்டியது குளிர்ச்சியும் ஈரமும். இலை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நனைந்தே இருந்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிவதற்குச் சில நாள் முன்பே செடிக்குள் இருக்கும். அதனால் அவர் புதன்கிழமை பார்த்தது நாலு செடிதான் என்றாலும், பாத்தி முழுக்க அப்போதே பிடித்திருக்கும். விதைப்பெட்டி, செய்தி போட்டிருந்தாலும் தக்காளி வந்திருக்காது, அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: இடைவெளி விட்டு நடவேண்டும், செடிக்குச் செடி காற்றுப் போக வேண்டும். தரையைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். தண்ணீர் வேரில்தான் விழ வேண்டும், தெளிப்பான் வேண்டவே வேண்டாம். மண்ணை வைக்கோல், சருகு கொண்டு மூடி மூடாக்குப் போட்டால் மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்காது, மற்ற இலை நோய்களுக்கும் அது நல்லது. குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள். மழைக்கு மேலே ஒரு கூரை போட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம் கிடைத்தால் பாதிப் பாத்தியாவது அது இருக்கட்டும். நோய் வந்த செடியைத் திறந்த உரக்குவியலில் போடாதீர்கள், புதைத்துவிடுங்கள். போன பருவத்து உருளைக்கிழங்கு மண்ணில் தப்பிக் கிடந்து முளைத்தால் உடனே பிடுங்குங்கள், நோய் அதில்தான் உயிரோடு தங்கியிருக்கும். அதே இடத்தில் உடனே கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வைக்காதீர்கள். பயறு, அவரை என்று குடும்பம் மாற்றுங்கள்.

மஞ்சள்பூ:

மேலே ஒருவர் கேட்காமலே பெரிய பாடம் எடுத்துவிட்டார், பயனுள்ளதுதான். நான் அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன்.

பூசணிக் கொடி. ஒரு வாரமாக மூடிய வானம், தேனீயைக் காணோம். பெண்பூவுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருக்குமே, அது ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. பண்ணைத் தாத்தா எங்களைக் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். மதியத்துக்குள் பூ சுருங்கிவிடும், அதற்குமேல் வந்து பயனில்லை என்றார்.

என் மகளுக்கு ஏழு வயது. தாத்தா ஓர் ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழையெல்லாம் உரித்து, நடுவில் இருந்த தூள் படிந்த தண்டை அவள் கையில் கொடுத்தார். பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவச் சொன்னார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினாள். விரல் நுனி, மூக்கு நுனி எல்லாம் மஞ்சள். அந்தப் பூவின் காம்பில் சிவப்பு நூல் ஒன்று கட்டினாள். மொத்தம் ஒன்பது பூ.

அடுத்த வாரம் போனதும் ஓடினாள். ஆறு உதிர்ந்திருந்தது. மூன்று தங்கியிருந்தது, எலுமிச்சை அளவு. இரவு பெய்த மழை ஒரு பிஞ்சின்மேல் சொட்டாக நின்றது. அவள் உதிர்ந்த ஆறு நூலையும் தேடி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை. ஐம்பது நாள் கழித்துக் காய் வீட்டுக்கு வந்தபோதும் நூல் அதில் இருந்தது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது அந்த ஆறுதான்.

பார்பிடிப்பவன்:

நான் பண்ணை நடத்துகிறவன். 28 பங்கு. உங்கள் பக்கத்தை வாசித்தேன், எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று.

விதைப்பெட்டி சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் சாக்குச் சொல்வது போல ஆகிவிடுமோ என்று ஒரு தயக்கம். எலி தின்ற தட்டைப் படம் பிடித்து அனுப்ப மனசு வராது.

பறிப்பு நாளில் விடிவதற்கு முன்பே இறங்கிவிடுவோம். வெயில் ஏறினால் கீரை சூட்டோடு பெட்டிக்குப் போகும், மாலைக்குள் வாடிவிடும். ஒரு நாள் 27 பெட்டி நிரப்பிவிட்டோம், கடைசிப் பெட்டிக்குப் பீன்ஸ் கால் கிலோ குறைந்தது. என் மனைவி வீட்டுக்கு என்று எடுத்து வைத்ததைக் கொண்டுவந்து போட்டாள். அந்தப் பெட்டி யாருக்குப் போனது என்றும் தெரியும். அவர் அந்த வாரம்தான் 'கீரை அதிகமாக வருகிறது, அடுத்த பருவம் வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அவர்மேல் வருத்தம் இல்லை. வெயில் ஏறும் பருவத்தில் கீரை சட்டென்று பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும், அதற்குள் அறுத்துக் கொடுத்தாக வேண்டும் என்று நான் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கலாம்.

அவர் விட்டுப்போன பருவத்தில் அந்தக் கீரைப் பாத்தியில் தழையுரத்துக்காகச் சணப்பு விதைத்தேன். பூவெடுக்கும் நேரத்தில் ஒன்றைப் பிடுங்கி, வேரில் இருந்த முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் பிடிக்கிறது என்று அர்த்தம். அதைக் காட்ட அன்று பக்கத்தில் யாரும் இல்லை.

விதைப்பெட்டி:

பார்பிடிப்பவன் அண்ணா, நான் விட்டுவந்த பண்ணைக்கு இன்று எழுதியிருக்கிறேன். அடுத்த பருவத்துக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். எலிக்காவலுக்கும் ஆள் வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன்.

சுரைக்கொடி:

எல்லாவற்றையும் வாசித்தேன். மஞ்சள்பூ எழுதியதை இரண்டு முறை. பண்ணைக்கார அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இல்லை. அடுத்த வாரமே போய் அந்த இடத்தில் பீன்ஸ் விதை ஊன்ற உதவினேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்கு ஒரு மண்வெட்டியைத் தேர்ந்து கொடுத்தார், பிடி சின்னதாக இருக்கிற ஒன்றை. இப்போது எப்போது போனாலும் அதையே எடுத்து வைத்திருக்கிறார்.

வரும் ஞாயிறு தக்காளி நாற்று நடுகிறோம், வேறு பாத்தியில். உரக்குழி, ஒரு சந்தேகம். போன பருவம் தக்காளிக்கு நட்ட மூங்கில் குச்சிகள் கொட்டகையில் கட்டாக இருக்கின்றன. அவற்றையே திரும்ப நடலாமா?

உரக்குழி:

நடலாம். ஒட்டியிருக்கிற பழைய கொடி, கயிறு எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவி நல்ல வெயிலில் காய வையுங்கள். நடுவதற்கு முதல் நாள் கழுவாதீர்கள், இப்போதே கழுவுங்கள்.