மனையியல் (ஹோம் சயின்ஸ்) படித்தவர்களே, அந்த வகுப்பு வீட்டுக்கு எப்படி உதவியது?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து:

எங்கள் பக்கம் பிளஸ் ஒன் சேரும்போது கணிதம், அறிவியல், வணிகவியல் எல்லாம் போக மிஞ்சுகிற பெண் பிள்ளைகளுக்குத்தான் மனையியல் என்பது பேச்சு. நான் அதைக் கேட்டு வாங்கிச் சேர்ந்தேன். அம்மா தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர், அப்பா விசைப்படகில், கிடைக்கிற மீனில் பங்குக்குப் போகிறவர். "சோறாக்கப் பழக பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று தெருவில் கேட்டார்கள். எங்கள் டீச்சரோ அடுப்புப் பக்கமே போகாமல் குடும்ப வள மேலாண்மையில் பாடத்தைத் தொடங்கினார்.

புத்தகத்தில் குடும்ப பட்ஜெட் என்றால் மாதச் சம்பளக்காரர் வீடுதான். ஒன்றாம் தேதி இவ்வளவு வரும், வாடகைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஒன்றாம் தேதிக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. படகு போனால் காசு. விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் போகும், காற்று கூடினால் அதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நோட்டு, சீருடை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும்.

டீச்சர் மாதக் கணக்கை ஒதுக்கிவிட்டு ஆண்டுக் கணக்குப் போடச் சொன்னார். பெரிய தாளில் பன்னிரண்டு கட்டம். எந்த மாதம் மீன்பாடு நன்றாக இருக்கும், எந்த மாதம் கை காயும், கல்யாணம் காது குத்து எப்போது வரும், எல்லாவற்றையும் வீட்டில் கேட்டு எழுதிவர வேண்டும். கேட்டு எழுதும்போதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. அப்பா மீன் வியாபாரியிடம் வாங்கியிருந்த முன்பணம் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அதற்கு வட்டி கிடையாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஆனால் முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அந்த வியாபாரியிடமே, அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். ஏல விலைக்கும் அவர் தருகிற விலைக்கும் கிலோவுக்கு எவ்வளவு வித்தியாசமோ, அதைச் செலவுப் பக்கத்தில் எழுதச் சொன்னார் டீச்சர். எழுதிக் கூட்டியபோது அரிசிச் செலவை விட அது பெரிதாக இருந்தது. அப்பா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அம்மா சேர்ந்தது அதற்கு அப்புறம்தான். நாம் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகக் கொடுக்கிறது. தடைக்கால நிவாரணமும் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. இந்தப் பணங்கள் வருவதற்கு முன்பே எது எதற்கு என்று எழுதிவைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. முன்பணக் கடன் ஒரே வருடத்தில் தீரவில்லை. ஆனால் தீர்ந்தது.

இந்தக் கடற்கரையில் மனையியல் படித்த மற்றவர்களும் எழுதுங்கள். படிக்கக் கிடைக்காதவர்களும் எழுதலாம்.

கீழக்கரையிலிருந்து:

அக்கா, எங்கள் கதை வேறு. வாப்பாவும் வெளிநாடு, பிறகு என் கணவரும் வெளிநாடு. பணம் அனுப்புவது அவர்கள், அதை நடத்துவது நாங்கள். எனக்கு மனையியலில் மிகவும் கைகொடுத்தது நுகர்வோர் பாடம். ரசீது கேட்டு வாங்கு, உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இருக்கிறதா பார், உணவுப் பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணைத் தேடு என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு கடையில் மிக்சி வாங்கினேன். சில வாரத்தில் மோட்டார் புகைந்தது. "கம்பெனிக்குப் போன் பண்ணுங்க, எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஆண் துணை இல்லாத பெண் என்றால் இரண்டு தடவை நடக்கவிட்டால் ஓய்ந்துபோவாள் என்று நினைத்திருப்பார்கள். ரசீது நகலை வைத்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். மாற்றிக் கொடுத்தார்கள். உம்மா அந்தக் கடிதத்தின் நகலை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

நான் படித்தபோது இருந்தது 1986ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு பாடவேளை போதும். எல்லாக் குரூப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு பாடவேளையாவது கொடுக்க வேண்டும்.

பாம்பனிலிருந்து:

நான் ஆம்பளை, மனையியல் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தங்கச்சி நோட்டிலிருந்து தெரிந்ததுதான்.

நாங்கள் ராத்தங்கல் தொழிலுக்கு, அதாவது ராத்திரி கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிறவர்கள். படகில் சமையல், தண்ணீர், காய்ச்சல், காயம் எல்லாம் எங்கள் பாடு. ஒருமுறை கூட வந்த பையனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. கரைக்கு வர இன்னும் நேரம் இருந்தது. தங்கச்சி நோட்டில் படித்தது ஞாபகம் வந்தது: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டி ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே வந்தோம். உப்பு அளவு கூடிவிடக் கூடாது, அதுதான் முக்கியம். கரைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், பையன் தன் காலில் நடந்து உள்ளே போனான்.

இன்னொன்று. எங்கள் ஊரில் பையன்கள் சின்ன வயசிலேயே வலை ஊசி பிடிப்பார்கள். கண்ணி அளவு பிசகாமல் கிழிந்த வலையை முடிகிறவனுக்கு ஓட்டுத் தையலும் சங்கிலித் தையலும் ஒரு பொருட்டா? ஆனால் தையல் இருக்கிற வகுப்பு பொம்பளைப் பிள்ளைகளுக்கு என்று எழுதிவிட்டார்கள். நான் கேட்டேன், சிரித்தார்கள். எனக்கு இன்னும் அந்த ஆதங்கம் இருக்கிறது.

தொண்டியிலிருந்து:

பாம்பன் தம்பிக்காக ஒன்று. என் அண்ணன் குடும்பம் அமெரிக்காவில். அங்கே உயர்நிலைப் பள்ளியில் இதைக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்ற பெயரில் விருப்பப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகன் எடுத்தான். சமையல், தையல், குழந்தை வளர்ச்சி, கடன் அட்டை வட்டி எல்லாம் ஆண் பெண் கலந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். லீவுக்கு வந்தபோது என் அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தான். எங்கள் ஊரில் அந்தக் குரூப்பே இல்லை.

ராமநாதபுரத்திலிருந்து, ஓய்வு பெற்ற மனையியல் ஆசிரியை:

இதையெல்லாம் படிக்க மனசு நிறைகிறது பிள்ளைகளே. இந்தப் பாடத்தின் பிறப்பைப் பலரும் சமையலறையில் தேடுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு வித்திட்ட எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். அந்த நாட்டின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த முதல் பெண், 1873இல் பட்டம் பெற்றார். ஆற்றுத் தண்ணீரையும் மளிகைப் பொருளையும் பரிசோதித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. 1909இல் அங்கே மனையியல் சங்கம் அமைந்தபோது அவர்தான் முதல் தலைவர். குடத்தைத் தள்ளுவண்டியில் அடுக்கி நல்ல தண்ணீருக்கு அலைகிற ஊர் நம்முடையது. நமக்கு ரிச்சர்ட்ஸ் அம்மையார் அந்நியர் இல்லை.

நானும் பரிசோதனையைத்தான் பெரிதாக நடத்தினேன். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு கரண்டி சமையல் உப்பு கொண்டுவர வேண்டும். பரிசோதனைக் கரைசலைச் சொட்டு விட்டால் அயோடின் இருக்கிற உப்பு ஊதா நிறமாகும். நம் மாவட்டத்தில் வாலிநோக்கத்தில் அரசின் உப்பளமே இருக்கிறது, ஆனாலும் நிறைய உப்பு வெள்ளையாகவே கிடந்தது. விசாரித்தால், கருவாடு போட மூட்டையாக வாங்கிய கல்லுப்பே குழம்புக்கும் போகிறது. "கடல் மீன் தின்கிற நமக்கு அயோடின் எதுக்கு டீச்சர்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மீன் கிடைக்காத மாதங்கள் இருக்கின்றன, கர்ப்பிணிக்குத் தேவை கூடுதல். நல்ல உப்பையும் திறந்த டப்பாவில் அடுப்போரம் வைத்தால் ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் குறைந்துபோகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன்.

இரும்புச்சத்து மாத்திரை விஷயமும் அப்படித்தான். வாரம் ஒருமுறை பள்ளியில் நீல மாத்திரை கொடுப்பார்கள், பிள்ளைகள் விழுங்கிவிட்டு உடனே டீ குடிப்பார்கள். டீயில் இருக்கிற டானின் இரும்பைச் சேரவிடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யாத் துண்டு என்று மாற்றினோம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு ஆள் போடவில்லை. இரண்டு ஆண்டில் குரூப்பையே எடுத்துவிட்டார்கள். தையல் மிஷின்கள் துணி போர்த்தி நிற்கின்றன.

சாயல்குடியிலிருந்து:

டீச்சர், வணக்கம். என் மகன் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. ஓட்டல் வைக்க வேண்டும் என்கிறான். அவன் மனையியல் எடுக்கலாமா? மேலே என்ன படிப்பது?

ராமநாதபுரம் ஆசிரியை:

தாராளமாக எடுக்கலாம் ஐயா. பாடத்தில் ஆண், பெண் என்று எழுதவில்லை. சிக்கல் என்னவென்றால் இந்தக் குரூப் பெரும்பாலும் பெண்கள் பள்ளிகளில்தான் இருக்கிறது. கோயம்புத்தூரில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனமும் பெண்களுக்கானதுதான். அதனால் பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே சுற்று வட்டாரத்தில் எந்த இருபாலர் பள்ளியில் மனையியலோ உணவு சார்ந்த தொழிற்கல்விக் குரூப்போ இருக்கிறது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவுக்குப் பிறகு உணவக மேலாண்மையிலோ உணவு அறிவியலிலோ பட்டப்படிப்பு இருக்கிறது. பாம்பன் தம்பி, உங்கள் ஊரில் கேட்கிற பையன்கள் நாலைந்து பேர் இருந்தால் பெற்றோர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மனு எழுதுங்கள். மனுவை எப்படி எழுதுவது என்று நானும் கீழக்கரைப் பிள்ளையும் சொல்லித் தருகிறோம்.