டிஎஸ்டி பிளஸ் திரையைப் பார்த்து கோட்பிளக் போட்டால் போதுமா?

அண்டெனாப்பித்தன்: நேற்று இங்கே ஒருவர், டிஜிட்டல் ரேடியோ சிக்னலைப் பிரித்துக் காட்டும் டிஎஸ்டி பிளஸ் மென்பொருளின் திரையில் ஓடும் கலர் கோடு (ரிப்பீட்டரின் அடையாள எண்), ஸ்லாட் (அலைவரிசையை நேரத்தால் பிரித்த இரண்டு பாதிகளில் ஒன்று), டாக்குரூப் (பேசும் குழுவின் எண்) மூன்றையும் அப்படியே ரேடியோவில் ஏற்றும் அமைப்புக் கோப்பான கோட்பிளக்கில் போட்டால் போதும், டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் ஓடும் ரிப்பீட்டரில் (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) பேசலாம் என்று அடித்துவிட்டிருக்கிறார். எரிச்சல்தான் வருகிறது. அது ரிப்பீட்டர் அனுப்புவதை மட்டும் காட்டும். நாம் எந்த அலைவரிசையில் அனுப்புவது? ரிப்பீட்டர் கேட்பது ஒன்றில், அனுப்புவது வேறொன்றில்; இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஆஃப்செட். ஆஃப்செட் எங்கே?

குட்டிடாங்கிள்: அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொன்னால் வாய் வலிக்குமா? 70 செ.மீ. அமெச்சூர் ரேடியோ பட்டையில் ஆஃப்செட் 5 மெகாஹெர்ட்ஸ், பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அண்டெனாப்பித்தன்: 5 அமெரிக்காவில். ஜெர்மனியில் 7.6, 9.4 இரண்டும் உண்டு. போன மாதம் நானே கணினியில் செருகும் ரிசீவர் டாங்கிளைச் சமையலறை ஜன்னலில் வைத்துக் கேட்டேன், கலர் கோடு 1, ஸ்லாட் 2, டாக்குரூப் 91, எல்லாம் பளிச்சென்று வந்தது, அப்படியே போட்டு பேசும் பொத்தானை (பிடிடி) அழுத்தினால் ரேடியோ டூ-டூ என்று கைவிரித்துவிட்டது. ராத்திரி பதினொன்றரை வரை அதே டூ-டூதான். ஆஃப்செட் தப்பு, நான் கத்தியது ரிப்பீட்டர் காதிலேயே விழவில்லை.

நடுவாந்தரம்: சும்மா கேட்க மட்டும் என்றால் ஆஃப்செட்டே வேண்டாமே. அப்புறம், கலர் கோடு என்பதை வண்ணக் குறி என்று எழுதினால் என்ன?

குட்டிடாங்கிள்: 0 முதல் 15 வரை வெறும் எண், அதில் எங்கே வண்ணம்?

நடுவாந்தரம்: உங்கள் "கலர்" மட்டும் என்ன நிறமோ?

அண்டெனாப்பித்தன்: பேச்சை மாற்றாதீர்கள். ஆஃப்செட் எங்கே? இதே ஆள்தான் முன்பு திரையில் ஓடிய யாரோ ஒருவருடைய டிஎம்ஆர் ஐடியையும் (ஆளை அடையாளம் காட்டும் எண்) சேர்த்துக் காப்பியடித்துத் தன் ரேடியோவில் போட்டுக்கொண்டு பேசினார். ஐடிக்காரர் வீட்டில் தூங்குகிறார், அவருடைய கால்சைன் (உரிமத்தில் உள்ள அழைப்புக் குறி) எல்லோர் திரையிலும் மின்னுகிறது!

குட்டிடாங்கிள்: அது ஒரே ஒரு முறை. நீங்கள் எனக்கு விற்ற அண்டெனாவில் கனெக்டர் ஆடியதை நான் எங்கேயாவது சொன்னேனா?

அண்டெனாப்பித்தன்: இப்போது சொல்லியாயிற்றே. கட்டிங் பிளேயர் போட்டுத் திருகினால் ஆடாமல் என்ன செய்யும்? ஆஃப்செட் எங்கே என்று கேட்டேன்.

நடுவாந்தரம்: ரிப்பீட்டர் பட்டியலைத் திறந்தால் இன்புட் (ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசை) இருக்கப் போகிறது, இதற்கா இவ்வளவு?

அண்டெனாப்பித்தன்: பட்டியலைத் திறப்பவனுக்கு "திரையே போதும்" என்ற வீறாப்பு எதற்கு?

குட்டிடாங்கிள்: 5 தான்.

அண்டெனாப்பித்தன்: எந்த ஊரில்?